கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவும் நம் வீட்டுப் பெண்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி மகளிர் அரங்கில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடை ஏறுவோர் குறளையோ சிலம்பையோ கையில் எடுத்துக்கொள்வது மரபு. நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பந்து. மகளிர் ஆடும் கூடைப்பந்தின் சுற்றளவு இருபத்தெட்டரை அங்குலம். எடை 20 அவுன்சு. ஆடவர் பந்தைவிடச் சற்றே சிறியது. ஆனால் வளையத்தின் உயரம் இருபாலார்க்கும் 10 அடியே. பெண்களுக்காக வளையத்தை எவரும் தாழ்த்திக் கொடுத்துவிடவில்லை.

கல்லூரிகளில் மகளிர் கூடைப்பந்துக் குழுவுக்கு ஆட்டக்காரிகளை எவ்வாறு திரட்டுகிறார்கள் என்பதே நமக்குத் தரப்பட்ட பொருள். 'இதில் பேச என்ன இருக்கிறது? கல்லூரி திறந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். விருப்பமுள்ள பெண்கள் பெயர் கொடுப்பார்கள். உடற்பயிற்சி ஆசிரியை பன்னிருவரைப் பொறுக்கி எடுப்பார்' என்று நீங்கள் எண்ணலாம். ஒரு காலத்தில் அது அப்படித்தான் இருந்தது. இன்று அந்தத் தாள் ஒட்டப்படும்போது குழு ஏறத்தாழ முடிவாகிவிட்டிருக்கிறது. எங்கே முடிவாகிறது என்பதைத்தான் சிறிது ஆராய விழைகிறோம்.

இவ்விளையாட்டு 1891 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தில் பீச் பழக் கூடைகள் இரண்டை மாட்டித் தம் மாணவரை ஆடவிட்டார். சில திங்கள்களுக்குள் அருகிலிருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை அதைத் தம் மாணவியர்க்கு ஏற்பத் திருத்திக் கற்பித்தார். 1893 மார்ச்சில் அக்கல்லூரியின் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் எதிரெதிர் நின்று ஆடினர். ஆடவர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அங்கே ஆள்திரட்டும் வேலைக்கே இடமில்லை. வகுப்பில் யார் இருந்தார்களோ அவர்களே குழு. நம் தமிழகத்துக்கும் இவ்விளையாட்டுக்கும் உறவு உண்டு. 1920இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் பள்ளிதோறும் விளையாட்டுகளைக் கொண்டு சென்றனர்.

நிற்க. ஆள்திரட்டலின் கதையை அறிய ஒரு சிறு கல்லூரியின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தில் ஃபிலடெல்ஃபியா நகருக்கு அருகே இம்மாகுலாட்டா என்றொரு கல்லூரி. அந்நாளில் அது கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பெண்கள் கல்லூரி. மாணவியர் சில நூற்றுவரே. அதன் விளையாட்டுக் கூடம் 1967இல் தீக்கிரையாயிற்று. இருபது வயதைச் சற்றே கடந்த கேத்தி ரஷ் என்னும் பெண்மணி பயிற்சியாளராக வந்தபோது அவருக்குப் பேசிய ஊதியம் ஆண்டுக்கு 450 டாலர். துறவு பூணப் பயிற்சி பெற்றுவந்த இளங்கன்னியரின் இல்லத்திலிருந்த சிறு கூடமே ஆடுகளம். ஆட்டக்காரிகளுக்கு உதவித்தொகை என்ற பேச்சே எழவில்லை. நாட்டைச் சுற்றி வந்து ஆள் தேடப் பொருளும் இல்லை.

எனினும் அவருக்கு ஆட்டக்காரிகள் கிடைத்தார்கள். எங்கிருந்து? அக்கம்பக்கத்திலிருந்து! ஃபிலடெல்ஃபியாவின் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெண்கள் இளமை தொட்டே குழு கட்டி ஆடிவந்தனர். பள்ளிக்கும் பள்ளிக்கும் போட்டி. வீட்டுக்கு வந்தால் தெருவில் அண்ணன் தம்பியரோடு ஆட்டம். பெற்றோர் அதை இயல்பாகக் கொண்டனர். விளைந்து நின்ற வயலுக்கு அருகே ஒரு கல்லூரி இருந்தது, அவ்வளவுதான். அக்குழுவின் தூணாக விளங்கிய தெரசா ஷேங்க் வேறொரு கல்லூரிக்குச் செல்ல இருந்தவர். அவருடைய வீடு தீப்பற்றி எரிந்துபோனதால் குடும்பத்தை விட்டுத் தொலைவில் செல்ல மனமின்றி அருகிலிருந்த இம்மாகுலாட்டாவில் சேர்ந்தார். எந்தப் பயிற்சியாளரும் திட்டமிட்டுப் பெறமுடியாத பேறு அது!

1972இல் அமெரிக்கக் கல்லூரி மகளிர்க்கு முதன்முறையாக முறையான தேசியப் போட்டி நடந்தது. 16 குழுக்களில் இம்மாகுலாட்டாவுக்கு அளித்த தரவரிசை 15. இல்லினாய் மாநிலத்துக்குச் செல்ல வழிச்செலவு இல்லை. பெண்கள் பல்துலக்கும் பிரஷ்களை விற்றுப் பணம் சேர்த்தனர். சேர்ந்த பணத்தில் 8 பேர் மட்டுமே செல்ல முடிந்தது. அதுவும் விமானத்தில் காலியிடம் இருந்தால் ஏற்றிக்கொள்ளும் சீட்டில். இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றது, சில நாள் முன்புதான் அவர்களை 32 புள்ளிகளில் வீழ்த்தியிருந்த பக்கத்து ஊர் வெஸ்ட் செஸ்டர். அன்று இம்மாகுலாட்டா 52க்கு 48 என்று வென்றது. 1973இலும் 1974இலும் கோப்பை அவர்களுக்கே. கன்னியர்கள் ஆட்டத்துக்கு வந்து வாளிகளைக் கவிழ்த்து வைத்துக் கொட்டி முழக்குவார்களாம். இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஓர் ஆட்டக்காரியின் தந்தை அவ்வாளிகளைக் கொணர்ந்து கொடுத்தவர். 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இவர்கள் ஆடியபோது ஏறத்தாழ 12,000 பேர் கூடினர்.

ஆனால் அந்த ஆண்டே இறுதி ஆட்டத்தில் அவர்கள் தோற்றனர். அடுத்த ஆண்டும் தோற்றனர். பிறகு அக்கல்லூரி தேசியக் கோப்பையை மீண்டும் தொட்டதில்லை. ஏன் என்பதில்தான் நம் பொருளின் மற்றொரு பாதி அடங்கியிருக்கிறது.

1972 ஜூனில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசின் பொருளுதவி பெறும் கல்விக்கூடம் எதுவும் பால் வேற்றுமை காட்டலாகாது என்பது அதன் சாரம். விளையாட்டையும் அது தொட்டது. அதுவரை மகளிர் விளையாட்டை நடத்திவந்த பெண் ஆசிரியர்கள் ஆட்டத்திறனுக்காக உதவித்தொகை தருவதையே விலக்கி வைத்திருந்தனர். பணம் வந்தால் கல்வி பின்தங்கும், பெண் விலைபேசப்படுவாள் என்பது அவர்கள் அச்சம். வெறும் பழமைப் பிடிவாதம் என்று நாம் அதைத் தள்ளிவிடவில்லை. அதில் பொருள் இருக்கிறது. ஆனால் ஆடவர்க்கு உண்டு, பெண்ணுக்கு மட்டும் இல்லை என்ற நிலை வழக்கு மன்றம் வரை சென்றதும் அத்தடையை 1973இல் தளர்த்த வேண்டியதாயிற்று. பெரும் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையோடு களத்தில் இறங்கின. சிறு கல்லூரிகள் பின்னடைந்தன. நன்மையும் இழப்பும் ஒரே வாயிலில் நுழைந்தன எனலாம்.

இம்மாகுலாட்டாவை இருமுறை வீழ்த்தியது மிசிசிப்பி மாநிலத்து டெல்டா ஸ்டேட். அதன் கதையும் கேட்கத்தக்கது. இளம்பெண்களுக்கு இவ்விளையாட்டு மிகக் கடினம் என்று சொல்லி அக்கல்லூரி 1932இல் மகளிர் குழுவைக் கலைத்தது. ஆட்டக்காரிகள் தம் சீருடைகளைக் கொளுத்தி எதிர்ப்புக் காட்டினர். அவர்களுள் ஒருவர் மார்கரெட் வேட். நாற்பதாண்டுகள் கழித்து, 1973இல், அதே கல்லூரி குழுவை மீண்டும் அமைத்தபோது பயிற்சியாளராக அழைக்கப்பட்டவர் அவரே!

அவர் குழுவுக்கு வந்து சேர்ந்தவர் லூசியா ஹாரிஸ் என்னும் கருப்பினப் பெண். பருத்தி விளையும் நிலத்தில் குத்தகைக்கு உழுத குடும்பம்; 11 மக்கள். உயரம் 6 அடி 3 அங்குலம். வேறொரு கல்லூரியில் சேர எண்ணியிருந்தார்; அங்கே மகளிர் குழுவே இல்லை. டெல்டா ஸ்டேட்டிலிருந்து ஆள் வந்து கேட்டதால் அங்கே சென்றார். 1975, 1976, 1977 மூன்று ஆண்டும் கோப்பை அக்கல்லூரிக்கே. 1976இல் மான்ட்ரியலில் ஒலிம்பிக் விளையாட்டில் மகளிர் கூடைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றபோது, அவ்வரலாற்றின் முதற் கூடையைப் போட்டவர் லூசியா ஹாரிஸ். 2022இல் அவர் மறைந்தார். அவரைத் தேடி ஒருவர் சென்றது உண்மை. ஆனால் சென்றவர் கண்டது என்ன? வீட்டு முற்றத்தில் உடன்பிறந்தாரோடு பந்து போட்டுப் பழகிப் பள்ளியிலும் விடாது ஆடிவந்த ஒரு பெண்ணை. பதின்மூன்று வயதில் அவளை அடுக்களைக்குள் அனுப்பியிருந்தால், தேடிச் சென்றவர் உயரமான ஒரு பெண்ணைக் கண்டிருப்பாரேயன்றி ஆட்டக்காரியைக் கண்டிருக்க மாட்டார்.

இனி, வீடு தேடி வரும் பயிற்சியாளரைப் பற்றி ஒரு சொல். டென்னசி பல்கலைக்கழகத்தின் பாட் சம்மிட் 22 வயதில், 1974இல், அப்பொறுப்பை ஏற்றவர். 8 முறை தேசியக் கோப்பை வென்றவர். 1990 செப்டம்பரில், நிறைமாதக் கர்ப்பிணியாக, ஓர் ஆட்டக்காரியின் இல்லத்துக்குப் பென்சில்வேனியா வரை விமானத்தில் சென்றார். பேச்சின் நடுவே வலி கண்டது. திரும்பும் வழியில் விமானிகள் விர்ஜீனியாவில் இறக்கலாமா என்றனர். அவ்வாண்டு தம் குழுவைத் தோற்கடித்த ஊரில் பிள்ளை பிறப்பதா என்று மறுத்துவிட்டுத் தம் ஊருக்கே வந்து ஆண்மகவு ஈன்றார். அந்த ஆட்டக்காரியோ முதலில் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் டென்னசிக்கு மாறி வந்து 1996இல் கோப்பை வாங்கித் தந்தார்.

நகைப்புக்குரிய இந்நிகழ்ச்சியைவிட நம் உள்ளத்தைத் தொடுவது அவர் தந்தையார் செய்த செயல். உழவர், கண்டிப்பானவர். பாட் சிறுமியாக இருந்தபோது வைக்கோற் பரணில் மூன்று அண்ணன்மாரோடு ஆடியவள். அவள் சேரவேண்டிய உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் குழு இல்லை என்றறிந்ததும், குழு இருந்த பள்ளிக்கு அருகே தந்தையார் குடும்பத்தையே குடிபெயர்த்துச் சென்றார். பெருமக்களே, மாற்றல் உத்தரவு வந்தால் சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் வரும் நாம், மகளின் பந்தாட்டத்துக்காக அடுத்த தெருவுக்கு மாறியதுண்டா? அந்தத் தந்தையைத்தான் டென்னசிப் பல்கலைக்கழகத்தின் முதல் ஆள்திரட்டி என்போம்.

அந்நாட்டில் இன்று நிலைமை இன்னும் வேகம் கொண்டுவிட்டது. 2021 முதல் மாணவ ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பொருள் ஈட்டலாம். கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதும் எளிதாயிற்று. பள்ளிச் சிறுமியரைத் தேடுவதோடு பிற கல்லூரிகளின் ஆட்டக்காரிகளையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறார்கள். நம் நாட்டிலிருந்தும் கவிதா அகுலா, பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் போன்ற பெண்கள் அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகை பெற்று ஆடச் சென்றார்கள். வழி குறுகியதுதான், ஆயினும் திறந்திருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே பயிற்சியாளர் விமானம் ஏறி வீட்டுக்கு வருவதில்லை. இளையோர் மாநிலப் போட்டிகளிலும் பள்ளிப் போட்டிகளிலும் கல்லூரி உடற்பயிற்சி இயக்குநர் ஒருவர் ஓரமாக நாற்காலி போட்டு அமர்ந்து, ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டிருப்பார். பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், கட்டணச் சலுகை, விடுதி என்று பேச்சு வரும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்கும் பிற கலைத்திறன்களுக்கும் சேர்த்து 5 விழுக்காட்டுக்கு மிகாமல் இடம் ஒதுக்குவது வழக்கம். சான்றிதழைப் பார்ப்பதோடு களத்தில் ஆடவிட்டும் பார்க்கிறார்கள். கேரளத்துச் சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரி மகளிர் கூடைப்பந்துக்குப் பெயர்பெற்றது. இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய கீத்து அன்னா ஜோஸ் அங்கே பயின்றவர். 2011இல் அமெரிக்கத் தொழில்முறைக் குழுக்களின் தேர்வாட்டங்களுக்கு அழைக்கப்பட்டவர். சென்னையின் அனிதா பால்துரையோ 19 வயதிலேயே இந்திய அணித் தலைவியானவர். தாயான பின்னும் களத்துக்குத் திரும்பியவர். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். இவ்விருவர்க்கும் வேலை தந்தது தென்னக இரயில்வே. பந்து சோறு போடுமா என்று கேட்கும் பெரியோர்க்கு இதற்குமேல் நாம் விடை சொல்ல வேண்டியதில்லை.

காலனிவாழ் மக்களுக்கு இன்னும் அணுக்கமான சான்று ஒன்றுண்டு. பிலாய் எஃகு நகரில் இராஜேஷ் பட்டேல் என்னும் பயிற்சியாளர் எளிய குடும்பத்துப் பெண்களைச் சேர்த்துப் பழக்கிச் சத்தீஸ்கர் மகளிர் குழுவைத் தேசிய அளவில் வாகை சூட வைத்தார். 2018இல் மறைந்தார். எஃகு ஆலை ஊரில், ஆலைப் பணியாளர் குடியிருப்பை ஒட்டிய களத்தில் அது நடந்தது. சென்னையில் பிறந்திருந்தால் அன்றோ என்று ஏங்க வேண்டியதில்லை.

பயிற்சியாளர் ஒரு பெண்ணிடம் எதைப் பார்க்கிறார்? உயரத்தை என்பீர்கள். உயரத்தையும் பார்க்கிறார். ஆனால் அனுபவமுள்ளவர் முதலில் காலைப் பார்ப்பார்: ஓடி வந்து சட்டென நிற்கத் தெரிகிறதா? இடக்கையால் பந்தைத் தட்டிச் செல்ல வருகிறதா? பந்தில்லாத வேளையில் என்ன செய்கிறாள்? ஒரு கூடை தவறியபின் முகத்தைத் தொங்கவிடுகிறாளா, திரும்பி ஓடிக் காக்கிறாளா? இவை பதினேழு வயதில் கற்பித்து வருவன அல்ல. பதினொன்றில் தொடங்கிப் பதினாறு வரை நாள்தோறும் படிந்து வருவன. அந்த ஐந்தாண்டுகளில்தான் நாம் பெண்ணை வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறோம். ஆறாம் வகுப்பில் களம் நிறையப் பெண்கள். ஒன்பதாம் வகுப்பில் நால்வர். பதினொன்றில் ஒருத்தி, அவளும் பையன்கள் ஆடி முடிக்கும்வரை கைப்பிடிச் சுவரில் காத்திருக்கிறாள். எந்தக் காலனியிலும் மாலையில் ஒருமுறை நடந்தால் காணக்கூடிய காட்சி இது.

சொல்லும் காரணங்களையும் அறிவோம். வெயிலில் கறுத்துவிடுவாள் என்பது ஒன்று. இதற்கு மறுமொழி கூறி அவையின் நேரத்தை வீணாக்க மாட்டோம். பொதுத்தேர்வு என்பது மற்றொன்று. இது மெய்யான கவலை. ஆனால் மாலை ஒன்றரை மணி நேர ஆட்டம் நின்றதும் அந்த ஒன்றரை மணி நேரம் புத்தகத்துக்குப் போகிறதா, கைப்பேசிக்குப் போகிறதா என்று ஒரு திங்கள் கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இருட்டில் தனியே வருவாளே என்பது மூன்றாவது. இக்கவலையை நாம் மதிக்கிறோம். இதற்கு வழி காண்பது பெண்ணின் கடமையன்று, நம் கடமை.

காயம் என்ற கவலையை யாரும் சொல்வதில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். குதித்து இறங்கும்போது முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநார் அறுந்துபோவது இவ்விளையாட்டில் ஆடவரைவிடப் பெண்களுக்கு இரு மடங்குக்கு மேல் நேர்கிறது. முறையாக இறங்கக் கற்பிக்கும் பயிற்சியும் தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் அதைப் பெரிதும் குறைக்கின்றன. ஆட்டத்துக்கு முன் பதினைந்து நிமிடம் போதும்.

ஆகவே, ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால் மகிழ்ச்சியில் தலையாட்டிவிடாதீர்கள். முழங்கால் போனால் கட்டணச் சலுகை தொடருமா என்று கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்குங்கள். உதவித்தொகையை ஓராண்டுக்கு மட்டும் தந்து ஆண்டுதோறும் புதுப்பிக்கும் முறை பல இடங்களில் உண்டு. போட்டிக்காக விடுபட்ட வகுப்புகளை யார் ஈடு செய்வார்? சென்ற ஆண்டுகளில் அக்குழுவில் ஆடியோர் பட்டம் பெற்றார்களா? பாட் சம்மிட்டிடம் முழுக் காலமும் ஆடி முடித்த பெண்கள் அனைவரும் பட்டம் பெற்றனர் என்பது அவர் வாங்கிய கோப்பைகளைவிடப் பெருமை தரும் செய்தி. விடுதியை நேரில் சென்று பாருங்கள். தாய் சென்று பார்ப்பது நலம். வெளிநாட்டில் இடம் வாங்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்போரிடம் கதவைச் சாத்திவிடுங்கள். ஆடாத போட்டிக்குச் சான்றிதழ் தருவோரிடமும் அப்படியே. களத்தில் இறக்கிப் பார்க்கும் நாளில் அந்தத் தாள் ஒரு கூடையும் போடாது.

எல்லாப் பெண்களும் கல்லூரிக் குழுவில் இடம்பெறுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. பன்னிரண்டு இடங்கள், கேட்போர் நூற்றுக்கணக்கானோர். ஒருத்திக்குக் கிடைக்க வேண்டுமாயின் அவளோடு மோதி ஆட இருபது பேர் வேண்டும். அந்த இருபது பேருக்கும் கிடைப்பது கல்லூரி இடமன்று. உடல்நலமும் தோழமையும் தோற்றுப் பழகிய நெஞ்சும்.

செயற்குழுவோடு கலந்துகொண்டு செய்திருக்கும் ஏற்பாட்டைக் கூறி முடித்துக்கொள்கிறோம். நம் காலனிப் பள்ளியின் பின்புறத்துக் களத்தில் இரண்டு வளையங்கள் நிற்கின்றன. ஒன்றில் துணி காயப்போடும் கயிறு கட்டியிருக்கிறது. கட்டியவர்கள் அன்புகூர்ந்து அவிழ்த்துக்கொள்ள வேண்டும். திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரை முதல் ஏழு வரை களம் பெண்களுக்கே உரியது. ஆறாம் வகுப்பு முதல் எவரும் வரலாம். இளமையில் தம் மாநிலத்துக்காக ஆடிய தாய்மார் மூவர் நம்மிடையே இருக்கிறார்கள். பெயரை மேடையில் சொல்லக் கூடாது என்று கட்டளை. கற்பிக்க இசைந்திருக்கிறார்கள். சங்க நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். பெண்ணின் பெயரோடு, எந்தெந்த நாளில் வீட்டார் யார் வந்து களத்தருகே அமர்ந்திருந்து ஏழு மணிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வார்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். தந்தையர் பத்தி முதலில் நிறைய வேண்டும் என்பது நம் விருப்பம்.